சாய்ஸில் விடச் சொன்னவன்

களமருதூரில் என் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தூரம், வேகம், நேரம் வரும் வாக்கியக் கணக்குகளை நான் பல வருஷம் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. கேட்ட பெற்றோரிடம் நேரம் போதவில்லை என்றேன். அது பொய். கைடைப் பார்க்காமல் அந்தக் கணக்கைச் சமன்பாடாக்க எனக்கு வராது. அது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

பத்தாம் வகுப்புப் பாடநூலில், இருபடிச் சமன்பாட்டுப் பகுதியில் ஒரு ரயில் கணக்கு இருக்கிறது. சென்னையிலிருந்து விருத்தாசலம் 240 கி.மீ. பயணிகள் ரயிலின் வேகம் விரைவு ரயிலைவிட மணிக்கு 20 கி.மீ. குறைவு. அதனால் ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. இரண்டின் சராசரி வேகத்தையும் கேட்கிறார்கள். விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் பாதை அது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த தடம்.

ஒரு மாலை, ஒரு மாணவி அதைத் தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். மெதுவான ரயிலின் வேகம் எக்ஸ், மற்றது எக்ஸ் கூட்டல் 20. அதுவரை சரி. பிறகு வேகமான ரயிலின் நேரத்திலிருந்து மெதுவான ரயிலின் நேரத்தைக் கழித்து ஒன்றுக்குச் சமம் என்று எழுதியிருந்தாள். தன்மைகாட்டி மைனஸ் 18,800 வந்துவிட்டது. மெய்யான விடையே கிடையாது. "எங்க சார் தப்பு பண்ணேன்? ஒவ்வொரு ஸ்டெப்பும் சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

நோட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கைடு உள்ளே அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள். என் கௌரவம் அங்கே இடித்தது. "உனக்கு இது வராதும்மா. அஞ்சு மார்க்ல பதினாலுக்குப் பத்து எழுதினா போதும். தூரம், வேகம்னு வந்தாலே சாய்ஸ்ல விட்டுடு" என்றேன். மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு நோட்டை மூடினாள்.

அவள் தவறியது ஒரே இடத்தில்தான். மெதுவாகப் போகிற ரயிலுக்குத்தான் நேரம் அதிகம். ஆகவே அதன் நேரத்திலிருந்துதான் மற்றதைக் கழிக்க வேண்டும். அப்படி எழுதினால் எக்ஸுக்கு 60-ம் மைனஸ் 80-ம் கிடைக்கும். வேகம் மைனஸில் வராது. பயணிகள் ரயில் 60, விரைவு ரயில் 80. அவ்வளவுதான் கணக்கு. அவளுடைய பெரியம்மா வீடு வெள்ளிமலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸில் எத்தனையோ முறை போய் வந்தவள். ஏறும்போதும் இறங்கும்போதும் தூரம் ஒன்றுதான். எப்போது நேரம் கூடுதலாகும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தன் பிழையைத் தானே கண்டுபிடித்திருப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுக்கு நானே அந்தக் கணக்கை யோசித்ததில்லை.

பொதுத்தேர்வில் அவள் நல்ல மார்க்கோடு பாஸானாள். அவள் அப்பா பழத்தட்டோடு வந்து நன்றி சொன்னார். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து ரயில்வே குரூப் டி தேர்வு எழுதிவிட்டு வந்தாள். அதில் நூறு கேள்வியில் 25 கணக்கு. "எப்படி எழுதின?" என்றேன். "ரயில் கணக்கு எல்லாத்தையும் விட்டுட்டேன் சார். எனக்குத்தான் அது வராதே" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. என் வார்த்தையை உண்மை என்றே நம்பியிருந்தாள். அந்தத் தேர்வில் அவள் தேறவில்லை. அந்தக் கணக்குகள் மட்டும்தான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவற்றைத் தொட்டுப் பார்க்கவே விடாமல் செய்தவன் நான்.

அன்று ராத்திரிதான் கைடை மூடி வைத்துவிட்டு அந்தப் பகுதியை முதல் கணக்கிலிருந்து உட்கார்ந்து போட்டேன். இப்போது திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடம் யாருக்கு நேரம் அதிகம் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். தெரியாத கணக்கு வந்தால், தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். அதனால் யாரும் டியூஷனை விட்டு நின்றுவிடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ரயில்வே தேர்வு எழுத இன்னும் வயது இருக்கிறது. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அன்று தெரியாதது எனக்குத்தான் என்று அவளிடம் நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.