நீந்திப் போன மீன் பொழச்சுதா?

 

ரெண்டு வருஷமா தள்ளிப்போட்ட லீவை ஒருவழியா எடுத்து, செப்டம்பர் கடைசியில காஷ்மீர் போனேன். கூட வந்தவன் எம்.பி.பி.எஸ். கிளாஸ்மேட். இப்போ ஸ்காட்லாந்துல வேலை. அங்க போனதும் அவனுக்கு ஒட்டிக்கிட்ட வியாதி ஃப்ளை ஃபிஷிங். லக்கேஜ்ல பாதி தூண்டில் சாமான்தான்.

நாரநாக்ல இருந்து ஒரு நாள் முழுக்க ஏறினா நுந்த்கோல் ஏரி. சுமார் 3,500 மீட்டர் உயரம். தலைக்கு மேல ஹர்முக் சிகரம் பனியோட நிக்கும். புல்வெளி எல்லாம் பச்சை போய் செம்பழுப்பா மாறியிருந்தது. பக்கர்வால் மேய்ப்பர்கள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் வருதுன்னு அர்த்தம்.

இந்த ஏரியில இருக்கிற பிரவுன் ட்ரவுட் காஷ்மீரி மீனே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல பிரிட்டன்ல இருந்து கப்பல்ல கொண்டுவந்தது. முதல் தடவை அனுப்பினது வழியிலேயே செத்துப்போச்சு. 1900-ல வந்த அடுத்த தொகுதிதான் பிழைச்சது. ஸ்ரீநகர்ல கம்பளத் தொழில் நடத்திய ஃப்ராங்க் மிட்செல் என்பவர் அதை வளர்த்தெடுத்தார். குளிர்ந்த தண்ணியிலதான் ஆக்சிஜன் நிறைய கரையும், ட்ரவுட்டுக்கு அது நிறைய வேணும். அதனாலதான் மலையை விட்டு இறங்காத மீன். (நண்பன் ஸ்காட்லாந்துல இருந்து ஸ்காட்லாந்து மீனைப் பிடிக்க காஷ்மீர் வந்திருக்கான்னு நான் ஓட்டினதை இங்கே பதிவு செய்கிறேன்.)

நம்ம ஊர் தூண்டில்ல ஈயக்குண்டு கட்டி எறிவோம், குண்டு நூலை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளைல அது தலைகீழ். முள்ளுல இறகும் ரோமமும் சுத்தி பூச்சி மாதிரி கட்டியிருப்பாங்க, அதுக்கு எடையே இல்லை. எடை முழுக்க நூல்லதான். நூலைப் பின்னாடி வீசி, அது முழுசா நீளும் வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முன்னாடி வீசணும். அந்த ஒரு நொடி காத்திருக்கிறதுதான் மொத்த வித்தையும். கேஷுவாலிட்டியில பத்து வருஷம் ஓடினவனுக்கு அது வராது. முதல் மணி நேரத்துல நான் பிடிச்சது என்னோட குரங்குக் குல்லா மட்டும்தான்.

கங்கபல் ஏரித் தண்ணி ஓடையா இறங்கி நுந்த்கோல்ல கலக்கிற இடத்துல நிக்கச் சொன்னான். இலையுதிர் காலத்துல முட்டை விடுறதுக்காக பிரவுன் ட்ரவுட் ஓடை வாய்ப்பக்கம் வர ஆரம்பிக்கும். அந்த நேரத்துல தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் மீன்வளத் துறை சீசனையே மூடிடும். நாங்க பர்மிட்டோட, கடைசி நாட்கள்ல போயிருந்தோம்.

பத்தரை மணிக்கு ஒண்ணு மாட்டிச்சு. கை நடுங்கிருச்சு எனக்கு. ஒரு முழம்கூட இருக்காது, ஆனா என்ன பலம்! அஞ்சாறு நிமிஷம் இழுத்துப் பார்த்து, கரைக்குக் கொண்டுவந்து, ரெண்டு கையால தூக்கிப் பிடிச்சு போட்டோவுக்கு நின்னேன். பொன்னிற வயிறு, சிவப்புப் புள்ளிங்க.

"தண்ணியில வைடா!"ன்னு கத்தினான்.

"இருடா, துள்ளிட்டுதான இருக்கு."

"உன் மூச்சை அடக்கிக்கோ. உனக்கு எப்போ முட்டுதோ, அதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே அதுக்கு முட்டியிருக்கும்."

விட்டேன். சரசரன்னு ஆழத்துக்குப் போயிருச்சு. "பாத்தியா, சூப்பரா போயிருச்சு"ன்னேன். அவன் சிரிக்கலை. "போச்சு. பொழச்சுதான்னு தெரியாது."

1992-ல ஃபெர்குசன், டஃப்ட்ஸ்னு ரெண்டு பேர் கனடாவுல வெளியிட்ட ஆய்வைச் சொன்னான். ரெயின்போ ட்ரவுட்டைக் களைச்சுப்போற வரைக்கும் துரத்தி, திரும்பத் தண்ணியில விட்டுப் பார்த்திருக்காங்க. துரத்தினது மட்டும்னா 12 மணி நேரம் கழிச்சு 88 சதவீதம் உயிரோட இருந்தது. கூடவே 30 நொடி காத்துல வெச்சா 62. ஒரு நிமிஷம் வெச்சா 28 சதவீதம்தான்! போராடும்போது தசையில லாக்டிக் அமிலம் ஏறிடும், ரத்தம் புளிச்சுப்போயிடும். அந்த நேரத்துல வெளியே எடுத்தா செவுளோட மெல்லிய இழைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஆக்சிஜன் ஏறாது. நாம பார்க்கும்போது நீந்தும். பார்க்காத இடத்துல போய்ச் சாகும்.

எனக்கு அந்த வாலிபன் ஞாபகம் வந்துட்டான்.

அப்போ நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பூச்சிமருந்து விஷம், சீரியஸா வந்தான். அட்ரோபின் கொடுத்து முதல் நாளைத் தாண்டிட்டான். மூணாம் நாள் காலையில உக்காந்து இட்லி சாப்பிட்டான், எனக்கு வணக்கம் வெச்சான். ஐ.சி.யூ. பெட்டுக்கு வெளியே ஆள் காத்திருக்கு. வார்டுக்கு மாத்துன்னு எழுதினது நான்தான். சாயங்காலம் அவங்க அம்மா, "தலையைத் தூக்க மாட்டேங்குறான் தம்பி"ன்னாங்க. "அசதி, தூங்கட்டும்மா"ன்னேன். பாடத்துல படிச்சதுதான்: இந்த விஷத்துல 24-லிருந்து 96 மணி நேரத்துக்குள்ள, நல்லாயிட்டாங்கன்னு நினைக்கும்போது, கழுத்துத் தசை முதல்ல தளரும், அப்புறம் மூச்சுத் தசை. ராத்திரி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா உதடு நீலமாகிறதைப் பார்த்து ஓடிவந்தாங்க. பதினோரு நாள் வென்டிலேட்டர். பிழைச்சு நடந்து வீட்டுக்குப் போனான். அந்த அக்கா அப்போ அந்தப் பக்கம் போகலைன்னா? இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை.

(உங்க வீட்ல, தெருவுல யாருக்காவது இது நடந்தா, "தெளிஞ்சுட்டான்"னு ரெண்டாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.)

மதியம் கைடு சாச்சா கேட்டபடி ஒரு மீனை சமையலுக்கு எடுத்தோம். தலையில ஒரே அடி, இழுத்தடிப்பு இல்லை. உப்பும் மிளகாயும் போட்டுப் பொரிச்சார், அருமை. நான் அதுல பாசாங்கு பண்ண விரும்பலை.

வெயில் சாயும்போது இன்னொண்ணு மாட்டிச்சு. முள்ளோட பின்கொக்கியை ஏற்கெனவே குறடால நசுக்கி வெச்சிருந்தோம். சீக்கிரம் கரைக்கு இழுத்து, கையை நனைச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ளேயே முள்ளை எடுத்தேன். போட்டோ இல்லை. ஓடை வர்ற பக்கம் முகத்தைத் திருப்பி, வயித்துக்கு அடியில கையை வெச்சுப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். செவுள் திறந்து திறந்து மூடிச்சு. பனி உருகின தண்ணி, விரல் மரத்துப்போச்சு.

"விடலாம்டா"ன்னான்.

"இருடா. வால் இன்னும் சரியா அடிக்கலை."