ஏற்காத பில்லை டிஸ்கவுண்ட் செய்ய முடியுமா?

பி.காம் பாடத்தில் வரும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சைப் பலரும் ஜர்னல் என்ட்ரியாகவே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அதை ஒரு ஸ்டேட் மெஷினாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். சரக்கை விற்றவர் பில்லை எழுதுகிறார். வாங்கியவர் ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறார். அதுவரை அவர்மேல் பில்லின் பொறுப்பு கிடையாது. தவணையும், 1881-ஆம் வருடச் சட்டம் தரும் 3 நாள் சலுகையும் முடிந்தால் பணம் வரும், அல்லது பில் மறுக்கப்படும். இந்த நிலையிலிருந்து இந்த நிலைக்குத்தான் போகலாம், வேறு வழி கிடையாது. ஸ்டேட் மெஷின் என்றால் அவ்வளவுதான்.

இதைப் புரோகிராமாக எழுதச் சொன்னால் முதலில் கைக்கு வருவது 3 பூலியன்: ஏற்கப்பட்டதா, பணம் வந்ததா, மறுக்கப்பட்டதா. 3 ஆம்-இல்லைக்கு 8 சேர்க்கை. பாடப்புத்தகத் தவணை பில்லுக்கு அதில் 5 தான் அர்த்தமுள்ளவை. மீதி 3-இல் "பணமும் வந்தது, மறுக்கவும்பட்டது" மாதிரிப் பேய்கள் குடியிருக்கும். அவற்றை விரட்ட ஒவ்வொரு ஃபங்ஷன் வாசலிலும் ஓர் 'இஃப்' காவலுக்கு நிற்க வேண்டும். பத்து வாசலில் ஒரு காவலாளி தூங்கினால் போதும்.

டைப் சிஸ்டத்திடம் வேலையை ஒப்படைப்பது இன்னொரு வழி. 'எழுதிய பில்' ஒரு டைப், 'ஏற்ற பில்' வேறு டைப். ஏற்பு ஃபங்ஷன் முதலாவதை வாங்கி இரண்டாவதைத் தரும். ஏற்ற பில்லைத்தான் டிஸ்கவுண்ட் செய்வோம் என்பது அந்த வங்கியின் விதி என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கவுண்ட் ஃபங்ஷனும் அந்த டைப்பை மட்டுமே வாங்கும். ஏற்காத பில்லை நீட்டினால் புரோகிராம் ஓடவே ஓடாது. கம்பைலரே கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. ஜாவாவில் இப்படி எழுதினால், பில்லை டிஸ்கவுண்டுக்குக் கொடுத்த பிறகும் பழைய வேரியபிள் கையிலேயே இருக்கும். அதே பில்லை அடுத்த வங்கியிலும் நீட்டலாம்! காகித பில்லில் இந்தத் தொல்லை குறைவு, தாளைக் கொடுத்துவிட்டால் கை காலி. ரஸ்ட் மொழி அந்தத் தாளின் குணத்தைக் கொண்டுவருகிறது. ஒரு மதிப்பை ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிட்டால் பழைய பெயரில் அதை மறுபடி தொட முடியாது.

யோசனை புதிதல்ல. 1986-லேயே ராபர்ட் ஸ்ட்ராம், ஷௌலா யெமினி இருவரும் இதற்கு 'டைப்ஸ்டேட்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். ரஸ்ட்டின் ஆரம்பப் பதிப்புகளில் அதே பெயரில் ஒரு வசதி இருந்தது. 2012-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். 2015-இல் 1.0 வந்தபோது ஓனர்ஷிப் விதிகளே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தன. வாசல்வழி போனது கொல்லைவழி வந்தது :-)

வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் பாரிட்டி வாலட் கதையைப் பார்க்கலாம். எதீரியத்தில் பலர் சேர்ந்து கையெழுத்திடும் பணப்பை அது. உரிமையாளர் யார் என்று எழுதும் ஃபங்ஷன் ஒரே ஒரு முறைதான் ஓட வேண்டும். 2017 ஜூலையில் அதை யார் வேண்டுமானாலும் மறுபடி கூப்பிடலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். சுமார் 1,50,000 ஈதர் போயிற்று. உடனே ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். ஆனால் எல்லாப் பைகளும் நம்பியிருந்த பொது லைப்ரரியை 'இன்னும் தொடங்கப்படாத' நிலையிலேயே விட்டுவிட்டார்கள். அந்த வருடம் நவம்பரில் ஒருவர் அதைத் தொடங்கி, உரிமையாளராகி, அழித்தும்விட்டார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியது.

டைப் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா? முழுதாக இல்லை. கூப்பிடுகிறவர் வெளியே எங்கோ இருக்கிறார், நிலையோ சேமிப்பில் கிடக்கிறது. கம்பைலருக்கு இரண்டும் தெரியாது. நுழைவில் ஒருமுறை ஓடும்போதே சோதித்து, பிறகுதான் சரியான டைப்புக்குள் போட முடியும். ஆனால் 'தொடங்காத பை' என்று தனி டைப் எழுதுகிற ஒருவர், அந்த நிலையில் லைப்ரரியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்.

முடங்கிய பணத்தை மீட்க 2018 ஏப்ரலில் இ.ஐ.பி. 999 என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. ஓட்டெடுப்பில் எதிர்ப்பே அதிகம் விழுந்தது, திட்டம் நிறைவேறவில்லை.