இடையன்குடியில் ஐயரும் ஐயரம்மாவும்

திசையன்விளையைத் தாண்டியதும் தேரி மணல் தொடங்கிவிடுகிறது. செக்கச் சிவந்த மண், அதில் பனைகள், இடையிடையே உடைமரம். காலை வெயிலுக்கே கண் கூசியது. அயர்லாந்தில் பிறந்த ஒருவர் இங்கே குடும்பம் நடத்தி, கிழவராகி, இந்த மண்ணிலேயே அடங்கினார் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த வெயிலில் நடந்தபோதுதான் புரிந்தது.

ஊருக்குள் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராகப் போகின்றன. 1841-ல் அந்த அயர்லாந்துக்காரர், மிஷனரி ராபர்ட் கால்டுவெல் வந்தபோது இது சிதறிக் கிடந்த குடிசைகளின் ஊர். தெருக்களை ஒழுங்குபடுத்தியதும் கிணறு வெட்டியதும் மரம் நட்டதும் அவர் வேலை. அப்போது அவருக்கு வயது 27. சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்திருக்கிறார். ஜனங்களோடு பழக வேண்டும், அவர்கள் பேசுவது காதில் விழ வேண்டும் என்பதற்காக நடந்தவர் அவர். எனக்கு அவர்மீது மதிப்பு உண்டானது அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அல்ல, இந்த நடையால்தான்.

தூய திரித்துவ ஆலயம் தூரத்திலிருந்தே தெரிகிறது. 1847-ல் அடிக்கல் நாட்டி, 1880-ல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்று ஊரார் சொல்கிறார்கள். உயர்ந்த கூர்வளைவு ஜன்னல்கள் வழியே காற்று தாராளமாக வந்தது. வாசலில் இருந்த ஆலயப் பணியாளர் கோவில்குட்டியார், "ஐயர் இங்கனதான் இருக்காவ" என்று பலிபீடத்துப் பக்கம் கைகாட்டினார். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குப் போதகர் 'ஐயர்', அவர் மனைவி 'ஐயரம்மா'. மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனாலும் கால்டுவெல் இங்கே ஐயர்தான்.

கால்டுவெல் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். நான் வந்தது முக்கியமாக இதற்குத்தான். கனத்த சுவரின் நிழலில் நின்றபோது, இந்த வீட்டை நடத்திய அவர் மனைவி எலைசாவைப் பற்றியே நினைப்பு ஓடியது.

கால்டுவெல் தமிழ் கற்றது அந்நியராக. 1838-ல் அவர் வந்த கப்பலில் தெலுங்கறிஞர் சி.பி. பிரவுனும் பயணம் செய்தார். இந்த நாட்டு மொழிகளின் ருசி அங்கேயே தொற்றியிருக்க வேண்டும். பிறகு மூன்று வருஷம் சென்னையில் பாடம். சென்னையில் படித்த தமிழை வைத்துக்கொண்டு பனைக்காட்டுப் பேச்சைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. பதநீர் இறக்கிவிட்டு வருகிறவரும் கிணற்றடியில் நிற்கிற பெண்ணும் பேசுகிற வேகமே வேறு. எலைசாவுக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் – மார்த்தா தம்பதியின் மகள் அவர். சின்ன வயதிலிருந்தே தமிழ் காதில் விழ வளர்ந்தவர். 1844-ல் கல்யாணம் முடிந்து இங்கே வந்ததும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். தாயார் நாகர்கோவிலில் பரப்பிய லேஸ் பின்னலை இந்த ஊர்ப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற நுணுக்கமான வேலை அது. அதில் கிடைத்த கூலி பெண்ணின் கையிலேயே வந்து சேர்ந்தது. வீட்டுக்குள்ளும் அடுப்படியிலும் ஊர்ப் பெண்களிடம் நெருங்கிப் பேச எலைசா இல்லாதிருந்தால், கால்டுவெல் இந்த ஊரின் பாதியை அறிந்திருக்கவே மாட்டார் என்பது என் தீர்மானமான எண்ணம்.

மொழி வசப்பட்டுவிட்டால் மனிதர்களும் புரிந்துவிடுவார்கள் என்று சொல்வதற்கில்லை. இங்கே வாழ்ந்துகொண்டே, பனையேறும் நாடார் மக்களைப் பற்றி 1849-ல் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அதில் மேலிருந்து பார்க்கிற பார்வை இருந்தது. அவர் திறந்த பள்ளிக்கூடங்களைப் போன்றவற்றில் படித்துத் தலையெடுத்த நாடார் சமூகத்தார் அதை வாசித்துக் கொதித்தார்கள். 1880-களில் எதிர்ப்பு வலுத்தது. அந்தக் கோபம் நியாயமானது. கால்டுவெல்லைப் போற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது.

முதுமையிலும் இருவரும் இங்கிலாந்துக்கே போய்த் தங்கிவிடவில்லை. உடம்புக்கு முடியாமல் 1850-களில் இங்கிலாந்து போனபோது, 1856-ல் லண்டனில் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுவிட்டு மறுபடி கப்பலேறினார் கால்டுவெல். 1877-ல் பிஷப் ஆனார். பிறகு தூத்துக்குடி வாசம். 1891 தொடக்கத்தில் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலுக்குப் போனார். அங்கேயே ஆகஸ்டில், 77 வயதில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொண்டுவந்து இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். எலைசா அதற்குப் பிறகும் எட்டு வருஷம் இருந்தார். 1899-ல் அவரையும் இங்கேயே வைத்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்தார்கள். ஒப்பிலக்கணம் வெளிவந்த வருஷத்தைக் கேட்டேன், டக்கென்று சொன்னார்கள். கால்டுவெல்லின் மனைவி பெயர் என்ன என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கோவில்குட்டியார், "எலைசா அம்மா. வாங்க தம்பிகளா, காட்டுதேன்" என்று அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.