தலையாட்டும் பாம்பும் காது கேக்காத நாயும்

மகுடி ஊதினா பாம்பு ஆடும்னு சினிமாவுல காட்டிக் காட்டியே நம்மளை வளர்த்துட்டாங்க. பாம்புக்கு வெளிக்காதே கிடையாது. ஊதறவர் கையும் மகுடியும் அசையற பக்கமெல்லாம் அதுவும் திரும்புது, அவ்வளவுதான். ஆனா மகுடியே இல்லாம, தன்னால தலையாட்டற பாம்பு ஒண்ணு இருக்கு. காசு கொடுத்து வாங்கறாங்க.

பேரு ஸ்பைடர் பால் பைதான். பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் அந்தப் பேரு. அதுல உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு போட்ட ரகத்தை 1999-ல அமெரிக்காவுல முதன்முதலா இனப்பெருக்கம் பண்ணாங்க. அழகுன்னா அப்படி ஒரு அழகு. கூடவே ஒரு கோளாறும் வந்துச்சு. தலை நடுங்கும். சிலதுக்கு கழுத்து திருகிக்கிட்டு மல்லாந்துடும். எலியைக் கவ்வப் பாய்ஞ்சா குறி தப்பி வேற எங்கயோ போய் விழும். 2022-ல ஜெர்மனியில, மியூனிக் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. உள்காதுல சமநிலையைக் காக்கற அரைவட்டக் குழல்களும் அதையொட்டின சின்னப் பையும் உருக்குலைஞ்சு கிடக்கு. நமக்குத் தலைசுத்தல் வந்தா சுவரைப் பிடிச்சுக்கறோம். பாம்பு எதைப் பிடிக்கும்?

சரி, இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? தவளக்குப்பத்துல இருக்கற என் சித்தி பையன். (ஊர் பேர்ல தவளை இருக்கு, பாம்பு வராம இருக்குமான்னு கேக்காதீங்க, அந்த ஜோக்கை நாங்க ஆயிரம் தடவை கேட்டாச்சு :-)) "அண்ணா, ஒரு ஜோடி வாங்கிப் போட்டா குட்டி வித்தே பைக் லோனை அடைச்சிடலாம்"னு போன்ல ஆரம்பிச்சான். ஸ்பைடர் மரபணு ஒரு பக்கம் இருந்தாலே போதும், பொரியறதுல சுமார் பாதி ஸ்பைடர்தான். கணக்கு என்னவோ சரி.

அவனும் வீடியோ பார்த்திருக்கான். "தலைதான ஆடுது, நல்லா சாப்பிடுதே, முட்டை போடுதே, அப்புறம் என்ன?"ங்கறான். இது அவன் சொந்த வாதமில்ல, உலகம் பூரா விக்கறவங்க சொல்றதுதான். எங்க ஆபீஸ்லயும் பக்கை ஃபீச்சர்னு சொல்லி கஸ்டமர் தலையில கட்டற ஆளுங்க உண்டு. ஆனா அங்க கஸ்டமர் போன் போட்டுத் திட்டுவார். பிளாஸ்டிக் டப்பாவுல கிடக்கற பாம்பு யாருக்குப் போன் போடும்? சாகலைங்கறதும் சௌக்கியமா இருக்குங்கறதும் ஒண்ணில்லையே. இங்கிலாந்துல ஒரு பாம்பு வளர்ப்போர் சங்கமே 2018-ல தன் கண்காட்சிகள்ல ஸ்பைடர் விக்கறதை நிறுத்திடுச்சு.

சட்டம் வேற இருக்கு. நம்ம ஊர் மலைப்பாம்பை வீட்டுல வச்சா உள்ள போக வேண்டியதுதான். வெளிநாட்டுப் பாம்புக்கு 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தமும், 2024 விதிகளும் வந்திருக்கு. பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும், குட்டி பொரிஞ்சாலும் சொல்லணும். இதையெல்லாம் சுத்திக்கிட்டு வர்றதுதான் பெட்டிக்குள்ள வர்றது. 2023 ஜனவரியில சென்னை ஏர்போர்ட்ல, பாங்காக்லேருந்து வந்து யாரும் எடுக்காம கிடந்த ரெண்டு பெட்டியைத் திறந்தா 45 பால் பைதான். அதே வருஷம் ஏப்ரல்ல கோலாலம்பூர்லேருந்து வந்த ஒரு அம்மா பையில 22 பாம்பு, ஒரு பச்சோந்தி!

இதையெல்லாம் நான் நீட்டி முழக்கினதும் பய ஒரே கேள்வியில மடக்கினான். "அப்போ நம்ம ராஜபாளையம் மட்டும் என்னவாம்ணா?"

நியாயமான கேள்வி. 2005-ல தபால் தலையே போட்ட நம்ம பெருமை அந்த நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அதுல காது கேக்காத குட்டிகள் பிறக்கறது வளர்க்கறவங்களுக்கு நல்லாத் தெரியும். தோலுக்கு நிறம் கொடுக்கற அதே செல்கள்தான் உள்காதுலயும் வேலை பார்க்குது. அங்க அது இல்லேன்னா பிறந்த சில வாரத்துல காது செத்துடும். நீலக்கண் பூனைக்குக் காது கேக்காதுன்னு டார்வினே 1859-ல எழுதியிருக்கார். நாம என்ன பண்ணோம்? புள்ளி விழுந்த குட்டிகளைக் கழிச்சுக்கட்டி, வெள்ளையோட வெள்ளையைச் சேர்த்தோம். அவங்க தெருவுலயே ஒண்ணு இருந்துச்சு. கடலூர் ரோட்டுல பஸ்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான், அது திரும்பவே இல்ல. அப்படியே போயிடுச்சு. அன்னைக்கு அவன் சாப்பிடலைன்னு சித்தி சொன்னாங்க.

ரெண்டும் ஒண்ணான்னா, இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ராஜபாளையத்துல நிறக்குட்டியை ஒதுக்காம வச்சுக்கிட்டு, காது கேக்கறதான்னு சோதிச்சு, கேக்கறதை மட்டும் சேர்த்தா கோளாறைக் குறைக்கலாம், நாய் ராஜபாளையமாவே இருக்கும். ஸ்பைடர்ல அந்த வழியே கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல முயற்சி பண்ணியும் கோட்டையும் ஆட்டத்தையும் யாராலயும் பிரிக்க முடியல. அந்தக் கோடு வேணும்னா அந்த ஆட்டமும் வரும்.

பாம்பை விட்டுட்டான். இப்போ நாய்க்குட்டி தேடறானாம். "புள்ளி போட்டது கிடைச்சா எடுத்துக்குவியாடா?"ன்னேன்.

ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "எடுத்துக்கறேன்ணா, மூக்கு மட்டும் ரோஸா இருந்துட்டா போதும்"ங்கறான்.