அடியில் என்ன இருக்கிறது என்று பார்

தம்பி, புதுக் குடித்தனத்துக்கு அப்பா வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் எடுத்துப் போகிறாய். பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடலாம் என்று கடையிலிருந்து கலர் அட்டைகூட வாங்கி வந்துவிட்டாய். பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடாமல் வைத்துக்கொள்ள நினைத்தாயே, எனக்கு அதுவே சந்தோஷம். ஆனால் அந்த அட்டையைக் கொஞ்ச நாள் மூடி வை. பாதி ஆயுளைப் பாலிஷ் பட்டறையில் கழித்தவன் சொல்கிறேன், கலரைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். இதன் மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் தேய். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது அரக்குப் பாலிஷ். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரச மரக் கிளைகளில் அப்பிக் கிடக்கும் சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருப்பார்கள். எத்தனை வருஷமானாலும் ஸ்பிரிட் பட்டால் இளகிவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் என்.சி. தின்னரைத் தொட்டுப் பார். கரைந்து வந்தால் டூகோ வகை. கரையாமல் சுருண்டு எழுந்தால் எனாமல்.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பாய். டூகோ என்பது 1920களில் அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனி மோட்டார் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். நாளடைவில் அந்த வகைக்கே பெயராகி, பீரோ பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. அதில் உள்ள தின்னர் ஆவியாகிப் போனதும் சட்டென்று காய்ந்துவிடும். எனாமல் அப்படி இல்லை. டர்பன்டைன் பறந்த பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுகும். பழைய எனாமல் இருக்கிற பீரோவில் நேராக டூகோ அடித்தால், அதன் தின்னர் அடியில் ஊடுருவிப் பழைய பூச்சைத் தூக்கிவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே மேற்பரப்பு சுருங்கும். நன்றாகத் தேய்த்த பழைய டூகோ மேல் எனாமல் அடித்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. விலை உசத்தியான பெயிண்ட் என்பதால் மட்டும் ஒன்றும் நிற்காது. அடியில் இருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும்.

புது வேலையில் சேருகிறவர்களுக்கும், கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். அங்கே ஒரு வழக்கம் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மாற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. எதனால் அப்படி ஆயிற்று என்று கேட்டுவிட்டு மாற்று. கேட்காமல் மாற்றினால், உன் யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கலைத்துவிடுவார்கள்.

அடுத்தது அழுக்கு. நம் வீட்டுக் கட்டில்களில் தலைமாட்டுப் பலகைதான் மோசமான இடம். வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து ஊறிப்போயிருக்கும். பீரோ கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், கண்ணாடி ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டின் பசை, கைப்பிடியைச் சுற்றி விரல் பிசுக்கு. எண்ணெயின் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்தபின் டர்பன்டைன் தொட்ட துணியால் இன்னொரு தரம் துடை. இதைச் செய்யாமல் உப்புத்தாளை எடுத்தால் எண்ணெயை இன்னும் உள்ளே தேய்த்து ஏற்றுகிறாய் என்று அர்த்தம்.

கட்டிலை ஒரு தரம் ஆட்டிப் பார். கிறீச்சிட்டால் பெயிண்டுக்கு முன்பே மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுசாக ஒட்டி இறுக்க வேண்டும். மரப்பசை வெறும் மரத்தைத்தான் கவ்வும், பெயிண்டைக் கவ்வாது. அடியில் மாவு மாதிரித் தூள் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். பெருக்கிவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி தூள் இருக்கிறதா? வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மருந்து வைக்காமல் பட்டி பூசி ஓட்டையை அடைத்தால் வேறு இடத்தில் துளைத்துக்கொண்டு வரும். பட்டியால் பள்ளத்தை நிரப்பலாம், நோயை மறைக்கப் பார்க்காதே. கடனையும் மனஸ்தாபத்தையும் மூடிவைத்துக் கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை உன் மனைவியும் கேட்கட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உன் கட்டிலும் பீரோவும் அதற்கு முந்தியவை. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. மொட்டை மாடிக்கோ வெளியிலோ எடுத்துப் போய், வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய், நல்ல மாஸ்க் போடு, ஈரத்துணியால் துடைத்து அள்ளு. குழந்தை பல் முளைக்கும்போது கட்டில் விளிம்பைத்தான் கடிக்கும்.

இத்தனையும் பார்த்தபின், அடிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு தரம் யோசி. தேக்கு, ஈட்டி என்றால் பெயிண்ட் அடிக்காதே. பழைய பாலிஷை எடுத்துவிட்டுப் புதுப் பாலிஷ் போடு. பெயிண்ட் மரத்தின் துளைகளுக்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் ரேகையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. திரும்ப மாற்ற முடியாத காரியங்களை அவசரமில்லாத நாளில்தான் முடிவு செய்ய வேண்டும். மாமரம், நாட்டுமரம், பிளைவுட், இரும்பு பீரோ, இவையெல்லாம் தாராளமாக அடிக்கலாம்.

வேலை சுருக்கம்தான். கீல், கைப்பிடியைக் கழற்றி எது எங்கே என்று எழுதிப் பொட்டலம் கட்டு. மர ரேகை போகும் திசையிலேயே 120, அப்புறம் 220 நம்பர் தாளால் தேய். மரத்துக்கு வுட் பிரைமர். இரும்பில் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு. பிரைமர் காய்ந்ததும் 320ஆல் மெதுவாக ஒரு ஓட்டு. பிறகு மெல்லிசாக இரண்டு கோட், எனாமல் என்றால் இடையில் ஒரு நாள் விடு. கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழிந்து நிற்கும், உள்ளே காயாது. டிராயரின் பக்கவாட்டில் அடிக்காதே, சிக்கிக்கொள்ளும்; மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதே. ஈரக்காற்றில் அரக்கும் டூகோவும் வெள்ளை பூத்துவிடும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நம்பாதே. எனாமல் முழுக்க இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் மெத்தையைப் போட்டால் தடம் பதியும், பீரோவை இறுக்கிப் பூட்டினால் கதவு சட்டத்தோடு ஒட்டும். அதுவரை பாயில் படுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒரு வேலை. என்ன பிரைமர், எந்த வகைப் பெயிண்ட், என்ன நிறம், எந்த மாதம் என்று தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் பேனாவால் எழுதி வை. மிச்சப் பெயிண்டை ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி எடுத்து வை. நாளைக்கு உன் பிள்ளையோ, முன்பின் தெரியாத யாரோ இதைப் புதுப்பிக்க வருவார்கள். பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து உனக்கு அரை நாள் பிடித்த வேலை, அவர்களுக்கு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.