முப்பது ரூபாய் கமிஷன்

பழங்காநத்தத்தில் இருந்துகொண்டு விவசாயம் பார்க்கிறார் என்றால் மதுரைக்காரர்களே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். மாடக்குளம் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வீடுகளாகிவிட்டது. அதில் தப்பிய அறுபது சென்ட்டை விடாமல் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு, 2019 ஆடிப் பட்டத்தில் நாட்டுக் காய்கறி போட ஆசை. வெளி மாவட்டத்தில் விதை வைத்திருந்த ஒரு விவசாயிக்குக் கடிதம் எழுதி விலை கேட்டார். கத்தரி, வெண்டை, சுரை எல்லாம் சேர்த்து, தபால் செலவோடு 600 ரூபாய் என்று பதில் வந்தது.

அந்த 600 ரூபாய் அவர் மனைவி கோழி விற்றுச் சேர்த்தது. பெரியவர் நோட்டுகளைக் கார்பன் தாளில் மடித்து, 5 ரூபாய் தபால் உறைக்குள் வைத்து, சோற்றுப் பசையால் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டார். கார்பன் தாள் வைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் நோட்டு தெரியாது என்பது பழைய நம்பிக்கை. பதினைந்து நாள் கழித்து போன் போட்டால், "கவரே வரலையே அண்ணே" என்றார் விதைக்காரர். எங்கே தொலைந்தது என்று யாரைப் போய்க் கேட்பது? சாதாரணத் தபாலுக்கு ரசீதும் கிடையாது, எண்ணும் கிடையாது.

அஞ்சலகத்துக்குப் போய் நியாயம் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி.

"நோட்டுல உங்க பேரு எழுதியிருக்காய்யா? எடுத்தவுகளுக்குத்தான் சொந்தம். ரூபாய் நோட்டை அனுப்பணும்னா இன்சூர் பண்ணித்தான் அனுப்பணும். அதுதான் தபால் சட்டம்."

"அப்ப நான் என்ன தாயி செய்யட்டும்?"

மணியார்டர் செய்யச் சொன்னார் அந்தப் பெண். 1880-இல் நம் நாட்டில் தொடங்கியது. பழைய தாள் மணியார்டர் 2015-இல் நின்றுபோய், இப்போது கணினி வழியே போகிறது. அப்போது ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்ப முடிந்தது. 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன். 600-க்கு 30 ரூபாய். பெரியவருக்கு அது அநியாயமாகப் பட்டது. பெரிய தொகைக்கு உண்மையிலேயே அதிகம்தான். ஆனால் தபால்காரர் பெயரும் முகவரியும் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுப்பார். ஆள் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பி வரும். ரசீதில் உள்ள எண்ணைச் சொல்லிப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கலாம். பழைய படிவத்தின் ஓரத்தில் நாலு வரி நலம் விசாரித்து எழுதுவார்களே, அந்தச் சுகம் மட்டும் இதில் இல்லை. தயாராக இருக்கும் வாசகங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு சின்னக் கட்டணம் வைப்பதற்கு போஸ்டல் ஆர்டர் போதும். 10 ரூபாய் ஆர்டருக்கு 1 ரூபாய் கமிஷன். அதிலும் பெறுபவர் பெயரை எழுதாமல் வெறுமனே அனுப்பினால் நோட்டை அனுப்பியதற்குச் சமம். பெயர் எழுதி, மேலே இரண்டு கோடு போட்டுவிட்டால் வங்கிக் கணக்கு வழியாகத்தான் மாற்ற முடியும். அடிக்கட்டையைக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொகை பெரிதென்றால் வங்கியில் டி.டி. எடுத்து, கணக்கில் மட்டும் சேரும்படி கோடு போடச் சொல்லலாம். அதன் ஆயுள் மூன்று மாதம்தான்.

"பணம் போய்ச் சேர்றதுக்குத்தான் நாங்க பொறுப்பு. சாமான் அனுப்புவாகளான்னு நீங்கதான் பாக்கணும். முன்னப்பின்ன தெரியாத ஆளுன்னா வி.பி.பி.ல அனுப்பச் சொல்லுங்க" என்றும் சொன்னார் அந்தப் பெண். பார்சல் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பணம் கட்டினால் போதும். ஆனால் கட்டிய பிறகுதான் பிரிக்க விடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

விதைக்காரர் போனில் பேசிய விதத்தில் பெரியவருக்கு நம்பிக்கை இருந்தது. மணியார்டரே செய்தார். ஆனால் இரண்டாவது 600-க்கும் மனைவியிடம்தான் கை நீட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எடுத்து வந்தார்.

ஆடியில் போட வேண்டிய கத்தரி நாற்றங்காலை ஆவணிக் கடைசியில்தான் போட முடிந்தது. மணியார்டர் ரசீதை அந்த அம்மாளே வாங்கி, ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்துக்கொண்டார்.