ரீசெட் போட்டது யார்?

2010 ஜூலை 5, திங்கட்கிழமை. விடியற்காலை மூன்று மணிவாக்கில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி ஸ்தம்பித்தது. ஏடிஎம்மில் பணம் வரவில்லை, இணைய வங்கியும் திறக்கவில்லை. எல்லாம் சீராகக் காலை பத்து மணி ஆகிவிட்டது. 1877இல் தொடங்கி 1998இல் டிபிஎஸ் வசம் வந்த பிஓஎஸ்பி வங்கியின் வாடிக்கையாளர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கும் வளவனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பும் பணத்தில் மாதம் ஓடும் வீடுகள் உண்டு. அந்தப் பணம் வருகிற வழியில் இப்படி ஒரு கணினி நிற்கிறது என்பதை அந்த வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அறிய மாட்டார்கள்.

வங்கியின் தகவல்கள் தனியாக நிற்கும் ஸ்டோரேஜ் அரே என்ற பெட்டியில் இருக்கின்றன. உள்ளே அடுக்கடுக்காக டிஸ்க்குகள். பல சர்வர்கள் ஃபைபர் சேனல் கேபிள் வழியாக அதைப் பகிர்ந்துகொள்கின்றன. சர்வர் பக்கம் அந்தக் கேபிள் செருகப்படும் அட்டைதான் ஹோஸ்ட் பஸ் அடாப்டர். வேலையில் இருப்பவர்கள் எச்பிஏ என்பார்கள்.

இந்த அமைப்பில் மிகவும் படுத்தும் பிழை ரீசெட். ஒரு சர்வர் கேட்ட தகவல் கெடுவுக்குள் வரவில்லை என்றால், அந்தக் கட்டளையை மட்டும் முதலில் ரத்து செய்யப் பார்க்கும். லினக்ஸில் அந்தக் கெடு வழக்கமாக 30 விநாடி. ரத்தும் பலிக்காவிட்டால் அந்த டிஸ்க் பகுதியை ரீசெட் செய்யும், பிறகு டார்கெட் எனப்படும் அரேயின் போர்ட்டை, பிறகு பஸ் எனப்படும் இணைப்புப் பாதையை, கடைசியாகத் தன் அடாப்டரையே. அதே டிஸ்க்கில் வேறு சர்வர் எழுதிக்கொண்டிருந்தால் அதன் வேலையும் அறுந்துபோகும். அந்தச் சர்வருக்கு ‘யூனிட் அட்டென்ஷன், 29’ என்று ஸ்கஸி நெறிப்படி ஓர் அறிவிப்பு மட்டும் வரும். ரீசெட் நடந்தது என்று அது சொல்லும். யார் செய்தது என்று சொல்லாது.

வளவனூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதில்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பத்து மோட்டார் ஓடும். ஒருவர் கொட்டகையில் வயர் உரசினால் பீஸ் போய் அத்தனை வயலுக்கும் தண்ணீர் நிற்கும். ஈபி ஆபீசுக்கு முதலில் போன் போடுவது தண்ணீர் நின்ற மற்ற ஒன்பது பேர்தான். புகார் வந்த கொட்டகையில் மட்டும் தேடினால் லைன்மேனுக்குக் கோளாறு அகப்படாது.

டேட்டா சென்டரிலும் அதிகம் அலறுவது அடிபட்ட சர்வர்தான். ரீசெட் அனுப்பிய சர்வர் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டு அமைதியாக இருக்கலாம். ஆகவே தேடலை அரேயின் நிகழ்வுப் பதிவான லாக்கிலிருந்து தொடங்குவது நல்லது. எந்த நேரத்தில், எந்த முகவரியிலிருந்து ரீசெட் வந்தது என்பது பல அரேக்களின் லாக்கில் பதிவாகும். ஒவ்வொரு ஃபைபர் சேனல் போர்ட்டுக்கும் வேர்ல்டு வைட் நேம் என்ற 64 பிட் அடையாளம் உண்டு; பதினாறு இலக்கங்களாக எழுதுவார்கள். அதன் நடுவில் தயாரிப்பாளரின் எண்ணும் வரும். ‘00:00:சி9’ என்றால் எமுலெக்ஸ் அட்டை, ‘00:இ0:8பி’ என்றால் கியூலாஜிக். லாக்கில் போர்ட்டின் தற்காலிக எண் மட்டும் இருந்தால், அந்த எண் யாருடையது என்பதை ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் பார்க்கலாம். அங்கிருந்து சர்வருக்கும், சர்வரில் குறிப்பிட்ட அட்டைக்கும் போய்விடலாம்.

இதற்கு முன்கூட்டியே செய்து வைக்கவேண்டிய வேலைகள் இரண்டு. எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். அரே நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தால் பழி வேறு சர்வர் மேல் விழும். எந்த அடையாளம் எந்தச் சர்வரின் எந்த அட்டை என்ற பதிவேடும் இருக்க வேண்டும். அட்டையை மாற்றினால் அடையாளமும் மாறும். பதிவேட்டை அன்றே திருத்தாதவர், அடுத்த கோளாறின்போது இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆளைக் கண்டுபிடித்ததும் அட்டையைக் கழற்றிவிடக் கூடாது. பதில் வராமல் காத்திருந்து பார்த்துத்தான் அது ரீசெட் அனுப்பியிருக்கிறது. ஒரே அடாப்டரிலிருந்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்த அட்டை, அதன் ஒளி மாட்யூல், கேபிள், ஃபர்ம்வேர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பல சர்வர்களிலிருந்தும் வந்தால் கோளாறு அரேயிலோ ஸ்விட்சிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டிபிஎஸ் வங்கியில் அன்று கோளாறு தொடங்கியது மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் பாதையில். அந்த இணைப்பு நிலையாக இல்லை என்று ஜூலை 3, சனிக்கிழமையே எச்சரிக்கை வந்துவிட்டது. வங்கியின் கணினிகளைப் பராமரித்த ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் கேபிளை மாற்றினார்; எச்சரிக்கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினார்கள், நின்றது, சிறிது நேரத்தில் திரும்பவும் வந்தது. இவ்வளவு நேரமும் ஸ்டோரேஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திங்கள் விடியற்காலை மீண்டும் கேபிளை மாற்றியபோது, தொலைவிலிருந்த உதவி மையம் சொன்ன தவறான பழைய செய்முறையையே பின்பற்றினார்கள். தகவல் கெட்டுவிடும் என்று கண்ட ஸ்டோரேஜ், மெயின்ஃபிரேமுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டது. வங்கியும் நின்றது.

வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தா நடந்ததை வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். ஆகஸ்ட் 4 அன்று சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, ஏறக்குறைய 23 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னது. ஒரு கேபிளை மாற்றப்போய் வந்த விலை இது. எச்சரிக்கை மறைந்த இரண்டு தடவையும் அது ஏன் மறைந்தது என்று விடாமல் தேடியிருந்தால் திங்கட்கிழமை வேறு மாதிரி விடிந்திருக்கலாம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளியே வருகிறவர்களில் சிலராவது நாளை ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்க்கப்போகிறார்கள். நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள், லாக்கைப் படிக்கவும் சில வகுப்புகளை ஒதுக்க வேண்டும். நிஜமான பிழைப்பதிவு ஒன்றை மாணவர்கள் கையில் கொடுங்கள். ரீசெட் அனுப்பிய அடாப்டர் எது, அதில் அடிபட்ட சர்வர்கள் எவை என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஸ்குரூ டிரைவரை எடுக்கலாம்.